தம்பி சாருக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு

பொன்முடியைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள். மூடுபனி என்பார்கள், தேயிலை என்பார்கள், குளிர்ந்த காற்று என்பார்கள். அங்கே உத்தியோகம் பார்க்கப் போனவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் கேட்க முடியாது. அவர்கள் கீழே வருவதில்லை. மழை இருந்தால் பஸ் வராது. மழை இல்லாவிட்டால் பஸ்ஸில் இடம் இருக்காது. எங்கள் இலாகாவின் கிளை அங்கே எஸ்டேட் கூலி லைனின் கடைசி அறையில் நடக்கிறது. கிளார்க்கின் மேஜையும் கட்டிலும் ஒன்றே. கடைசியாகப் போனவர் காலில் ஏறுகிற அட்டைகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

எண்பத்து நாலாம் ஆண்டு ஆடி மாதக் கர்க்கடக மழையில் என் பெயர் பொன்முடி மாற்றல் பட்டியலில் ஏறியது. பட்டியலில் மூன்று பேர். போக வேண்டியவர் ஒருவர். யார் என்று திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிறவர் எங்கள் அதிகாரி பத்மநாபன் தம்பி. வயது ஐம்பத்து நாலு. பெயர்தான் தம்பி. ஆபீசில் அவருக்கு அண்ணன் கிடையாது.

நான் கோமதிநாயகம். அம்பாசமுத்திரத்துக்காரன். மலையாளத் தலைநகரில், கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி வடிவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் தீர்மானத்தை அறிவித்தேன்.

"வடிவு, நான் பொன்முடிக்குப் போகமாட்டேன். இது உறுதி."

"யாருகிட்ட சொல்லுதிய? எங்கிட்டயா, தம்பி சார்கிட்டயா?"

"உங்கிட்டத்தான்."

"நான் உங்களைப் போகச் சொல்லலையே."

இப்படித்தான் எந்தத் தீர்மானமும் அவள் கைபட்டதும் சுருங்கிவிடும்.

தம்பி சாருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று தமிழ்ச் சிரிப்புப் படம். இன்னொன்று பம்பாய். பம்பாயில் ஒரு சிநேகிதர் வீட்டில் வீடியோ போட்டு, படத்துக்குத் தகுந்தபடி சாப்பாடும் போட்டார்களாம். கடல் படம் என்றால் மீன். நவாப் படம் என்றால் பிரியாணி. "அதாக்கும் கல்ச்சர்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசில் எல்லாரும் அதைக் கேட்டுச் சலித்துப்போனார்கள். நான் மட்டும் குறித்துக்கொண்டேன்.

சாலைக் கடைத்தெருவில் வீடியோ கடை வைத்திருந்த கல்ஃப்காரனிடம் கலர் டிவியும் டெக்கும் சனிக்கிழமைக்கு வாடகை பேசினேன். அவனிடம் நல்ல பிரதியாக இருந்த தமிழ்ச் சிரிப்புப் படம் ஒன்றே ஒன்று. முழுக்க ஒரு கல்யாண வீட்டில் நடக்கிற கதை. ஆகவே கல்யாணச் சாப்பாடு. தம்பி சார் மூன்று முறை நழுவி, நாலாவது முறை சம்மதித்தார்.

"கல்யாணச் சாப்பாடா? யாருக்குக் கல்யாணம்?" என்றாள் வடிவு.

"யாருக்கும் இல்ல. படத்துல கல்யாணம்."

"படத்துல ஜெயில் வந்தா களி கிண்டணுமோ?"

"இது பம்பாய் நாகரிகம். உனக்கு மனசிலாகாது."

"வாசல்ல வாழை கட்டப் போறியளா?"

"ஆமா."

"பன்னீர், சந்தனம்?"

"எல்லாம் உண்டு."

"மாப்பிள்ளை யாரு, நீங்களா? பொண்ணு தம்பி சாரா?"

அவள் சமைக்க மறுத்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அப்போது மறுக்கவில்லை. லட்டு வரைக்கும் அவளே செய்வதாகத்தான் பேச்சு. அது புதன்கிழமை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசுக்கு எனக்குத் தந்தி வந்தது. சொரிமுத்து எக்ஸ்பயர்டு. ஸ்டார்ட் இம்மீடியட்லி.

சொரிமுத்து என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணாச்சி. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஒரே குழந்தை மெடிக்கல் காலேஜில் ஏழு நாள் இருந்து போய்விட்டது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, துணியில் சுற்றி, தைக்காட்டு மயானம் வரைக்கும் நடந்தே தூக்கிக்கொண்டு போனது அண்ணாச்சிதான். அதன்பிறகு அவர் இங்கே வரும்போதெல்லாம் வடிவு அவருக்குத்தான் முதலில் இலை போடுவாள், எனக்குப் பிறகுதான்.

தந்தியைப் படித்தேன். மேஜை மேல் வைத்தேன். மறுபடி படித்தேன். அழுதேனா என்று கேட்டால், அழ இடம் தேடினேன். அதற்குள் தம்பி சார் அறையைவிட்டு வெளியே வந்து, "கோமதிநாயகம், சனியாழ்ச்ச ஆறு மணிதானே?" என்று கேட்டார்.

"ஆறு மணி சார்" என்றேன்.

அந்த ஒரு நொடியில் நான் எந்தப் பக்கம் விழுந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் வழக்கத்தில் பங்காளி வீட்டுச் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. வீட்டில் விருந்து கிடையாது. வெளியாள் கை நனைக்கமாட்டான். மலையாளிகள் இதைப் புலை என்பார்கள், அவர்களும் அந்த வீட்டில் சாப்பிடமாட்டார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியூரில் இருக்கிறவனுக்குச் சாவு நடந்த நேரத்தில் தீட்டு வராது. சேதி காதில் விழுந்த நேரத்தில்தான் வரும். கேட்டதும் தலை முழுக வேண்டும். கேட்காதவனுக்குத் தீட்டே இல்லை. நான் திங்கட்கிழமை மத்தியானம் கேட்பதாக முடிவு செய்தேன். அண்ணாச்சி எப்படியும் இன்று மாலைக்குள் சாம்பலாகிவிடுவார். அவருக்கு அவசரம் இல்லை. பொன்முடிக்கு இருந்தது. தந்தியை மடித்து வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் வைத்தேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கையில் வீடியோ கடை ரசீது. வடிவு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை. அடுப்பு எரியவில்லை.

"என்ன இந்நேரம் தலைக்கு ஊத்தியிருக்க?"

"ஊத்தணும்போல இருந்துது." என் முகத்தையே பார்த்தாள். "ஆபீசுல என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல. டிவி சனிக்கிழமை நாலு மணிக்கு வந்துரும்."

என் கையிலிருந்த ரசீதைப் பார்த்தாள். பிறகு, "எனக்குக் கை வலி. சனிக்கிழமை சமையலுக்கு ஆள் வச்சுக்கிடுங்க. கோலமும் நான் போடமாட்டேன்" என்றாள்.

பெண்களின் கைவலிக்குக் காரணம் கேட்கக்கூடாது என்பது என் அனுபவம். ஸ்ரீவராகத்துச் சமையல்காரர் நீலகண்டனிடம் ஒப்படைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மழை விட்டிருந்தது. வாசலில் இரண்டு வாழைமரம் கட்டினேன். கோலம் நானே போட்டேன். பார்த்தால் மழைநீர் வடிகால் வரைபடம்போல இருந்தது. நீலகண்டன் தன் வீட்டிலேயே எல்லாம் சமைத்து, ஆட்டோவில் கொண்டுவந்து, பாத்திரங்களை கேட்டுக்கு வெளியே இறக்கினார்.

"உள்ளே வந்து பரிமாறுங்க சாமி."

"இல்லை, நேக்கு வேற ஜோலி இருக்கு. பாத்திரம் இருக்கட்டும். பதினாறு கழிஞ்சு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

பதினாறாம் தேதியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று தேதி பதினெட்டு என்பது ஆட்டோ போனபிறகுதான் உறைத்தது. வயதானவர், தேதி மறந்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆறு மணிக்குத் தம்பி சாரும் அவர் மனைவி சரசம்மாவும் வந்தார்கள். அவர் வெறும் வெள்ளை வேட்டியில் இருந்தார். நெற்றியில் வழக்கமான சந்தனம் இல்லை. சரசம்மா கழுத்தில் தாலியைத் தவிர வேறு நகை இல்லை. நான் ஜரிகை வேட்டியுடன் முன்னே பாய்ந்து இருவர் மேலும் பன்னீர் தெளித்தேன். தம்பி சார் சுடுநீர் பட்டதுபோலப் பின்வாங்கினார். சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"கோமதிநாயகம்..." என்றார்.

இருபது வருட சர்வீஸில் என்னை அவர் தொட்டதில்லை. பம்பாய் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

சரசம்மா நேரே வடிவிடம் போய்த் தோளில் கைவைத்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். பெண்களுக்குச் சினிமா பிடிக்காதுபோல என்று விட்டுவிட்டேன்.

டிவிக்கு முன்னால் இலை போட்டேன். படம் ஓடியது. திரையில் நாதஸ்வரம். இலையில் லட்டு, வடை, அவியல், சேமியாப் பாயசம். தம்பி சார் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க சார்."

"இரிக்கட்டும், இரிக்கட்டும்."

"லட்டாவது?"

"வயறு செரியில்லா."

"ஒரு வாய் தண்ணி?"

"ஒண்ணும் வேண்டா. நீங்க இரிங்க."

அதிகாரிக்குக் கூச்சம் என்று புரிந்தது. நான் முன்மாதிரி காட்டினால்தான் அவர் கை வைப்பார். ஒரு லட்டு எடுத்தேன். "பிரமாதம் சார்!" என்றேன். இன்னொன்று எடுத்தேன். வடை நாலு. பாயசத்தை மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகம் மேலும் வாடியது. ஆகவே சிரிப்பையும் சேர்த்துக்கொண்டேன். திரையில் மாப்பிள்ளை மணவறையிலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்து மாட்டுத் தொட்டியில் விழுந்தான். நான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் தம்பி சார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துட்டுதா சார்?"

அவர் எழுந்தார். உள்ளறை வாசல்வரை போய், தம் மனைவியிடம் தணிந்த குரலில் மலையாளத்தில் ஏதோ சொன்னார். இருவரும் வெளியே வந்தார்கள். செருப்பைப் போட்டார்கள். படி இறங்கினார்கள். ஒரு வார்த்தை இல்லை. 'வரட்டுமா' இல்லை, பிறகு பார்க்கலாம் என்கிற 'பின்னெ காணாம்' இல்லை.

"சார், தாம்பூலம்!" என்று பையுடன் கேட்வரை ஓடினேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லிக்கொள்ளாமல், பச்சைத் தண்ணீர் குடிக்காமல், திரும்பிப் பார்க்காமல் மனிதர்கள் படியிறங்குகிற வீடு ஒரே ஒரு வகைதான் உண்டு. தாம்பூலப் பை என் கையில் கனத்தது.

வடிவு டிவியை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, இவங்க... இவங்க எதுக்கு வந்தாங்க?"

"துக்கம் கேக்க."

"யாரு துக்கம்?"

"இன்னமும் கேக்கியளே."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்களுக்கு முன்னாலயே. தந்திக்காரன் முதல்ல இங்கதான் வந்தான். அவனையே படிச்சுச் சொல்லச் சொன்னேன். 'என் வாயில வராது, அவுக கையிலயே கொண்டு குடுத்துரு'ன்னு ஆபீசுக்கு அனுப்பினேன். தலை முழுகிட்டு உக்காந்திருந்தேன். மத்தியானம் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சா இருட்டுமுன்ன அண்ணாச்சி முகத்தைப் பாத்திரலாம்னு ரெண்டு பேர் துணியையும் எடுத்து வச்சிருந்தேன். நீங்க ஆறு மணிக்கு வந்திய. டிவி நாலு மணிக்கு வரும்னு சொன்னிய."

தாம்பூலப் பையைக் கீழே வைத்தேன்.

"தம்பி சார்கிட்ட யாரு சொன்னா?"

"நேத்து நான்தான் சரசம்மாகிட்ட சொன்னேன். நீலகண்டன் சாமிக்கும் சொல்லி அனுப்பினேன். தெரியாம வந்து அடுத்தவங்க தீட்டுல கை நனைக்கக்கூடாது பாருங்க. 'அவுகளுக்கு அண்ணாச்சின்னா உசிரு, வாயைத் திறந்து சொல்ல முடியாம தவிக்காக. நீங்களா எடுத்துக் கேக்காதிய, வந்து சும்மா கூட இருந்துட்டுப் போங்க'ன்னேன். உங்களை விட்டுக்கொடுக்க முடியுமா?"

"சரி, பட்டியல்?" வெட்கமில்லாமல் கேட்டேன். "அதைப் பத்தி ஏதாவது..."

"நேத்தே உங்க பேரை அடிச்சிட்டாங்களாம். 'துக்கத்துல இருக்கிற மனுஷனை மலைக்கு அனுப்பண்டா'ன்னு."

"அடிச்சாச்சா!" நாற்காலியை விட்டுவிட்டேன். அண்ணாச்சி செத்தும் என்னைத் தூக்கிவிட்டார் என்று தோன்றியது. இப்போதுதான் முதன்முறையாகக் கண் நிறைந்தது.

"இருங்க. இப்பத் திரும்ப எழுதப் போறாங்க."

"எதுக்கு?"

"நீங்க பன்னீர் தெளிச்சிய. வாழை கட்டியிருந்திய. மூணு தடவை பாயசம் குடிச்சிய. அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்தாங்களாம். மாட்டுத் தொட்டிக்குச் சிரிச்சியளே, அப்பத்தான் சரசம்மாகிட்ட வந்து சொன்னாங்க: 'பாவம், துக்கம் தலைக்குக் கேறிப் போயி. ஈ மனுஷனை இங்க வைக்க முடியாது. மலைக் காத்துல ரெண்டு வருஷம் இருந்தா மனசு தேறும்.' திங்கட்கிழமை ஆர்டர். பதினாறு முடிஞ்சு போய்ச் சேந்தாப் போதுமாம். எவ்வளவு நல்ல மனுஷன்!"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எனக்குப் பைத்தியம் இல்லன்னு?"

"சொல்லலாம்தான். அப்ப, தெரிஞ்சேதான் சிரிச்சாகன்னுல்லா சொல்லணும்? எது தேவலைன்னு யோசிச்சேன். பைத்தியம்தான் கொஞ்சம் மரியாதையா இருந்துது."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நான் போட்ட கோலம் வாழைமரத்தடியில் கரைந்து ஓடியது. தம்பி சார் இலையில் லட்டு அப்படியே இருந்தது. வடிவு நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைத்தாள். எலும்பு பொறுக்குகிற காடாத்து முடிந்திருக்கும், பதினாறுவரை அங்கேயே இருக்க வேண்டும் என்றாள். தலையாட்டினேன். அதற்கப்புறம் வரப்போகிற இரண்டு வருடத்தை நினைத்தேன். கூலி லைன், கடைசி அறை, பனி, பெயர் வைக்கப்பட்ட அட்டைகள்.

"வடிவு, பொன்முடிக்கு நீயும் வருவேல்லா?"

அவள் என் ஜரிகை வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் எதுக்கு? எனக்கு மனசு நல்லாத்தான இருக்கு."