சாண்ட்விச்சில் ஓர் எல்லைக்கோடு

எல்லை விளக்குநர் என்று எங்கள் தீவில் ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் இனமல்ல, கவலை வேண்டாம். "இது அயர்லாந்தா, பிரிட்டனா?" என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால் போதும், உப்புப் புட்டி, மிளகுப் புட்டி, பக்கத்து மேசைக்காரரின் மூக்குக்கண்ணாடி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் இழுத்துப்போட்டு, பிரிட்டனோடு இருக்கும் வடக்கே ஆறு மாவட்டம், தனி நாடான தெற்கே இருபத்தாறு என்று தீவைப் பங்கு பிரித்து, கடைசியில் "ஆனா தீவோட வடக்கு முனை இருக்கறது தெற்குல!" என்று குண்டு போட்டுவிட்டு, கேட்டவர் மயங்கி விழுகிறாரா என்று பார்ப்பார். விழமாட்டார். ஆகவே மறுபடி முதலிலிருந்து.

மொனகன் மாவட்டத்து மாலக்கி ட்ரெய்னர் இந்த இனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அன்று அவர் மனைவி டிம்ப்னாவின் தம்பி ஃபெலிமுக்கு அடக்கம். அவன் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கில். பத்து மணிக்குச் சவப்பெட்டியைத் தோளில் எடுப்பார்கள்.

"அவனுக்குக் கூடப்பொறந்த ஆம்பளை யாருமில்ல, மாலக்கி. முன்னால தோள் கொடுக்க நீதான் நிக்கணும்," என்று டிம்ப்னா முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

எல்லை தாண்டியதும் டீசல் போட நிறுத்தினார்கள். அங்கே சைக்கிளோடு ஒரு டென்மார்க் தம்பதி. அந்தப் பெண் கேட்டேவிட்டாள்: "நாங்க இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?"

டிம்ப்னா கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு வார்த்தைல சொல்லிட்டு வண்டில ஏறு."

ஒரு வார்த்தையா? எண்ணூறு வருஷச் சண்டையையா? சாவு வீட்டுக்கென்று அவள் செய்திருந்த ஹாம் சாண்ட்விச்சுகள் காரின் முன்மூடிமேல் வரிசையாக ஏறின.

"இந்த ஒம்போது மாவட்டமும் சேர்ந்தது அல்ஸ்டர், பழைய மாகாணம். இதுல ஆறு வடக்கு. மிச்சம் மூணு, டொனகால், கேவன், எங்க மொனகன், தெற்கோட. அதனால வடக்கும் அல்ஸ்டரும் ஒண்ணுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. அப்புறம், தெற்குல ரோட்டுப் பலகையெல்லாம் கிலோமீட்டரு, இங்க மைலு. ஏமாந்துடாதீங்க."

"மணி ஒம்போதரை!" டிம்ப்னா ஹாரனை அழுத்தினாள்.

"நீ முன்னால போ! அந்த ரோட்டுப் பலகைல ஊருக்கு ரெண்டுன்னுதானே போட்டிருக்கு? ரெண்டு கிலோமீட்டரு, இருபது நிமிஷ நடை. பெட்டி எடுக்கறப்ப நான் நிப்பேன்."

சாண்ட்விச்சுகளை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். பலகை நின்றது வடக்கில். அது மைல், ஒன்றரை மடங்குக்கு மேல் தூரம். சற்றுமுன் டென்மார்க்குக்கே எச்சரிக்கை விடுத்த மனிதர் தனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

மூச்சிரைக்க அவர் தெருமுனைக்கு வந்தபோது பெட்டி எதிரே வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில், அவருக்கென்று வைத்த இடத்தில், டிம்ப்னா. உயரம் போதாமல் கன்னத்தைப் பெட்டியோடு அழுத்திக்கொண்டு தம்பியைச் சுமந்து வந்தாள். மாலக்கிக்கு வெட்கத்தில் காது சுட்டது. அழுகையும் வந்தது.

"நான் மாத்திக்கட்டுமா?"

"பின்னால வா," என்றாள், திரும்பாமல். "தூரம் எவ்வளவுன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா?"

பதில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கிவிட்டுப் பின்னால் நடந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஆறும் இருபத்தாறும் வந்த இடத்தில் மனசுக்குள் கூட்டிப் பார்த்தவரே, அந்த டென்மார்க் பெண்ணுக்கு நானாயிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தவரே, உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். போங்கள். என்னையும்தான் கூப்பிடுகிறார்கள். இந்த மாவட்டக் கணக்கை மட்டும் இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.