இரவல் நடுக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்காக நடத்தப்பட்ட ஒரு போலிங் லீக்கில் கோப்பை வாங்குவதற்காக, நோயாளி ஒருவரின் கைநடுக்கத்தைப் பார்த்துப் பழகி, அதை என் கையில் நடித்துக்காட்டினேன். அப்போது நான் எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்தேன். விவரம் தெரியாத வயதில் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.

போலிங் என்றதும் தஞ்சாவூரில் இருக்கும் என் உறவினர்கள் கிரிக்கெட் என்று எண்ணிக்கொள்கிறார்கள். "இந்த வயசுல ஓடி வந்து போடுறீங்களா?" என்று தொலைபேசியில் கவலைப்படுகிறார்கள். இது வேறு. கனமான பந்தை வழவழப்பான தடத்தில் உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். குளிரூட்டிய கூடத்துக்குள் நடப்பது. வாடகைக் காலணி மாட்டிக்கொள்ள வேண்டும். (நமக்கு முன்னால் அதற்குள் யார் யார் கால் விட்டார்கள் என்று மட்டும் யோசிக்கக் கூடாது.)

என்னை இதில் இழுத்துவிட்டவன் என் மனைவியின் தம்பி குணா. சிங்கப்பூரின் வடகோடியில், உட்லண்ட்ஸில் இருக்கிறான். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் முதல் அடுக்குமாடி புளோக்கில் நடக்கும் குலுக்கல் வரை வாழ்க்கையில் எதிலும் ஜெயித்ததில்லை என்ற குறை அவனுக்கு. அவன், என் மனைவி வசந்தா, நான் என்று மூவர் அணி. வசந்தா நன்றாகவே ஆடுவாள். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக் கதவை எப்படிச் சாத்துவாளோ அப்படித்தான் பந்தையும் விடுவாள். கட்டைகள் பயத்திலேயே விழுந்துவிடும். நான் சுமார்.

சுமாரானவர்களுக்கு எங்கள் லீக்கில் ஒரு சலுகை உண்டு. கெட்டிக்காரர்களோடு அவர்களும் சமமாக மோத வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்களுக்குக் கொஞ்சம் புள்ளிகளை இனாமாகச் சேர்ப்பார்கள். அதற்கு ஹேண்டிகேப் என்று பெயர். முதல் சில வாரங்களில் நீங்கள் எடுக்கும் சராசரியைப் பார்த்து அதை முடிவுசெய்வார்கள். சராசரி குறையக் குறைய இனாம் கூடும். முடிவுசெய்த பிறகு அந்த சீசன் முழுக்க மாற்ற மாட்டார்கள். நல்ல மனம் கொண்டவர்கள் வகுத்த விதி அது.

நானோ கணித ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். விதியைப் படித்த அன்றே அதன் பலவீனம் தெரிந்துவிட்டது. தொடக்கத்தில் மோசமாக ஆடி, இனாமை வாங்கிக்கொண்டு, பிறகு வழக்கம்போல் ஆடினால் என்ன ஆகும்? குணாவுக்கு ஒரு கோப்பை கிடைக்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது, 'ஆகுமா, பார்த்துவிடுவோமே' என்ற ஆர்வம். மற்ற இருவரிடமும் நான் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் வசந்தா அன்றைக்கே அந்த வாடகைக் காலணியைக் கழற்றியிருப்பாள்.)

வேண்டுமென்றே மோசமாக ஆடுவது எவ்வளவு கடினம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தடத்தின் வலது ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பந்து அதில் விழுந்தால் புள்ளி கிடையாது. முதல் வாரம் அதைக் குறிவைத்தே விட்டேன். பந்து பள்ளத்தின் விளிம்புவரை போய், வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி திரும்பி, பத்துக் கட்டைகளையும் சாய்த்தது. குணா ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"அத்தான்! செம லா!"

மறுபடியும் பள்ளத்தையே குறிவைத்தேன். மறுபடியும் பத்து. கெட்டிக்காரர்கள் எல்லாரும் அப்படி ஓரமாக விட்டுத்தான் பந்தை உள்ளே வளைப்பார்களாம். தோற்பதற்குப் போட்ட திட்டத்தில் தற்செயலாக நான் ஆட்டத்தையே கற்றுக்கொண்டிருந்தேன்.

பார்க்கிறவர்கள் நம்பும்படியாக மோசமாக ஆட எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அந்த நேரத்தில்தான் ராஜன் கண்ணில் பட்டார்.

எங்களுக்குச் சரியான போட்டி ஆங் மோ கியோவிலிருந்து வரும் ஓர் அணி. அதன் தலைவி தேவகி. அவருடைய கணவர் ராஜன் ஒருகாலத்தில் பெரிய ஆட்டக்காரர். பார்க்கின்சன் நோய் வந்த பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வாரந்தோறும் மனைவியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். முழங்கால்மேல் வைத்த வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதைப்போல அசையும். நான் குடிக்காத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தேன்.

அடுத்த வாரம் பந்தை விடும் கணத்தில் கையை லேசாக நடுக்கினேன். அற்புதமாக வேலை செய்தது. ஒரு பக்கம் இரண்டு கட்டை, மறுபக்கம் ஒரு கட்டை. என் சராசரி சரிந்தது. நான் உள்ளுக்குள் பூரித்தேன்.

நான் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு என்மேல் அன்பு இருந்தது.

வசந்தா என்னை மருத்துவரிடம் இழுத்துப்போனாள். அவர் மூக்கைத் தொடச் சொன்னார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகவே செய்தேன். (மருத்துவரிடம் நடிக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.) ஒன்றும் தெரியவில்லை, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றதும் வசந்தாவுக்குப் பயம் இரட்டித்தது. நரம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வீட்டில் வல்லாரைக் கீரை நுழைந்தது. வல்லாரைத் துவையல், வல்லாரைக் கூட்டு, வல்லாரை தோசை. ஒருநாள் தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

குணாவின் அலுவலக நண்பர் ஒருவர், நன்றாக ஆடக்கூடியவர், என் இடத்துக்கு வரத் தயாராக இருந்தார். குணா மறுத்துவிட்டான்.

"கடைசி இடம் வந்தாலும் பரவால்ல. அத்தான் இல்லாம டீம் இல்ல."

அதோடு நிற்காமல், என் கை சரியாகும்வரை ஆட்டுக்கறியைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டான். ஆட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவன் பார்த்ததே கிடையாது. அன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் ஹேண்டிகேப்பை முடிவுசெய்ய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வாரம் என்னை மிருகமாக்கியது.

இனாம் முடிவானது. கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாவதுதான் என் திட்டம். ஆனால் புதிதாகக் கற்ற அந்த வளைவுப்பந்து கையில் நின்றுகொண்டு சும்மா இருக்கவிடவில்லை. ஒரே வாரத்தில் நோய் பறந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. வசந்தா சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனை செய்தாள். குணா ஒரு முழு ஆட்டுத்தொடையை வாங்கிவந்தான். கடைசி ஆட்டத்தில் தேவகியின் அணியையே தோற்கடித்தோம். கோப்பையைக் கையில் வாங்கியதும் குணா அழுதுவிட்டான்.

பரிசளிப்பு விருந்தில் தேவகி எங்கள் மேசைக்கு வந்தார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. மொதல்ல உங்க கை நடுங்கிட்டு இருந்துச்சே. எப்படி நின்னுச்சு?"

நான் வாய் திறக்கும் முன் வசந்தா முந்திக்கொண்டாள். "வல்லாரைதான் தேவகி. தினமும் விடாம குடுத்தேன்."

என் வாயில் பிரியாணி இருந்தது. விழுங்கிய பிறகும் நான் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் தேக்கா சந்தைக்கு வசந்தாவோடு போயிருந்தேன். கீரைக்கடை முன்னால் ராஜனும் தேவகியும் நின்றிருந்தார்கள். பை நிறைய வல்லாரை.

"சார்! எல்லாம் உங்க மருந்துதான்," என்றார் ராஜன், முகமெல்லாம் மலர்ச்சியாக. "என் பழைய பந்த எடுத்துட்டுப் போய், வெரல் விடற ஓட்டைய அடச்சு புதுசா போட்டுட்டு வந்துட்டேன். வெரல் மெலிஞ்சிடுச்சுல்ல? அடுத்த சீசன் நானும் வர்றேன்."

"அதோட மாத்திரையையும் கொறைக்கணும்னு அடம் புடிக்கிறாரு," என்றார் தேவகி. "சாப்ட்டா தூக்கமா வருதாம். நீங்க மாத்திரையே இல்லாமதான சரியானீங்க? எப்ப நிறுத்தலாம்னு நீங்களே சொல்லுங்க சார்."



"நிறுத்தாதீங்க," என்றேன். "எனக்கு ஒண்ணுமே வரல. ஹேண்டிகேப்புக்காக நடிச்சேன்."

வசந்தா கையிலிருந்த கீரைக் கட்டை மெதுவாகப் பலகையில் வைத்தாள். "அப்ப நான் வேண்டிக்கிட்டது? குணா கறி சாப்பிடாம கெடந்தது?"

"அக்கா, வல்லாரை வேணுமா வேணாமா?" என்றார் கடைக்காரர்.

ராஜன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி நடுக்கறதுக்கு எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்டதான்."

அவர் தம் கையைத் தூக்கிப் பார்த்தார். "தப்பா கத்துக்கிட்டீங்களே. எனக்கு சும்மா வச்சிருந்தாத்தான் ஆடும். ஒரு பொருளப் புடிச்சா அடங்கிடும். நீங்க பந்து விடும்போதுல்ல ஆட்டுனீங்க? உங்களுக்கு வேற மாதிரி வியாதின்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மனம்விட்டுத்தான் சிரித்தார்.

தேவகி சிரிக்கவில்லை. "சார், இவரு வெளிய எங்க போனாலும் கைய பாக்கெட்டுக்குள்ள வச்சுக்குவாரு. யாரும் பாத்துடக் கூடாதுன்னு. போலிங்குக்கு வந்தா மட்டுந்தான் வெளிய எடுத்து வைப்பாரு. அங்க எல்லாரும் நம்மவங்கன்னு."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. ராஜனின் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். பை அங்கேயே இருந்தது.

என்னால் முடிந்த பரிகாரங்களைச் செய்தேன். லீக் செயலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஒரு சீசன் ஆட எனக்குத் தடை விதித்தார்கள். நியாயம்தான். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது குணா வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. உட்லண்ட்ஸுக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோப்பையைச் சட்டை நுனியால் துடைத்து என் கையில் வைத்தான்.

"கேட்டிருந்தா தோத்துருக்கலாமே அத்தான். எனக்கு அது பழக்கம்தான?"

அன்று வீடுவரை ரயிலில் அந்தக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த ஒரு பெரியவர் வாழ்த்து வேறு சொன்னார்.

இரண்டாவது வந்த அணி என்பதால் கோப்பை தேவகிக்குப் போயிற்று. அவர் அதை வாங்க மறுத்தார். கூடத்தின் சாமான் அறையில் அது இன்னும் இருப்பதாகக் கேள்வி.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு விடாமல் உறுத்தியது. பந்தைப் பிடித்தால் நடுக்கம் அடங்கிவிடும் என்றால், ராஜன் ஏன் ஆட்டத்தை நிறுத்தினார்? தயங்கித் தயங்கித் தொலைபேசியில் அவரிடமே கேட்டேன்.

"கை இல்ல சார், காலு. நடந்து வந்து விடும்போது தடுமாறும். விழுந்துடுவேன்னு தேவகிக்கு பயம்."

"நின்ன இடத்துலேருந்து விட்டா? நான் பின்னால புடிச்சுக்கறேன்."

அவர் மருத்துவரிடம் கேட்டார். யாராவது பிடித்துக்கொண்டால் நல்லதுதான் என்றாராம். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் வார நாள் காலை ஆட்டம். லீக் இல்லை, இனாம் இல்லை. ராஜன் தடம் தொடங்கும் கோட்டருகே நின்று பந்தை ஆட்டி விடுவார். நான் பின்னால் நின்று அவருடைய இடுப்புப்பட்டியைப் பிடித்திருப்பேன். பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அவர் உறுதியாக நின்றார், நான் விழுந்தேன். தேவகி பின்வரிசையில் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார். ராஜனோடு பேசுவார். என்னோடு பேச மாட்டார்.

எங்கள் வீட்டிலும் நிலைமை அதுதான், கொஞ்சம் வேடிக்கையாக. கேரம் ஆட்டத்தில் பேத்தியிடம் தோற்றால் "வேணும்னுதான தோத்தீங்க தாத்தா?" என்கிறாள். தும்மினால்கூட வசந்தா திரும்பிப் பார்த்து, "நெசத் தும்மலா?" என்கிறாள். தீபாவளிக்குக் கூடும்போது குணா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டுக்கறியைப் பரிமாறுகிறான்.

ஒரு காலையில் ராஜன் என்னைத் தோற்கடித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் கடைசிப் பந்தில் ஜெயிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டேன். ஒரு கட்டை மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது.

ராஜன் கொண்டாடவில்லை. முதலில் புள்ளிப் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தேவகி எழுந்து வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. விட்டுக்குடுத்தீங்களா?"

"இல்ல தேவகி. ஜெயிக்கத்தான் போட்டேன்."

"நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது?"

தேவகியின் கணவர் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆட்டம் ஜெயித்திருக்கிறார். அது உண்மைதானா என்று அவருக்குச் சொல்ல இருந்த ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியை நானே செல்லாக்காசாக்கி வைத்திருந்தேன்.

"இன்னொரு ஆட்டம் போடுவோம்," என்றார் ராஜன். "இவ உங்க பக்கத்துலயே நின்னு பாக்கட்டும்."

தேவகி என் தோளருகே வந்து நின்றார். பந்தை எடுப்பதிலிருந்து விடுவதுவரை என் கையைவிட்டு அவர் கண் நகரவில்லை. எந்தத் தேர்விலும் நான் அப்படிப் பயந்ததில்லை. இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஆடினேன். ஜெயித்துவிட்டேன்.

ராஜன் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினார். தோற்றுப்போன ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பாத்தியா தேவகி? இவரு விட்டுக்குடுக்கற ஆளே இல்ல. அப்ப மொத ஆட்டம் நான்தான் ஜெயிச்சேன்!"

தேவகி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த வாரமும் இங்கயே நின்னு பாப்பேன்," என்றார்.

இன்றுவரை அங்கேதான் நிற்கிறார்.