ஹெட்டுக்கு ஸ்டட்தான், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடிக்கிற வரைக்கும். போனில் பேசினால் அவள் பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

"வாரம் ஒரு தடவை காரை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் ஆன வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க மனசு வருமா? ஒரு சுற்றுப் போனேன். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தப்புதான். எஞ்சின் கொதித்து, பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது. ஆயிலும் தண்ணீரும் கலந்து டீ மாதிரி வந்தது. நம்பி விட்டுப் போன மனுஷனுக்கு இப்படிப் பண்ணிட்டோமே என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கெடுத்தவன் நான், சரி பண்ண வேண்டியவனும் நான். இருபதாம் தேதி நீங்கள் மாற்றலாகி வந்து இறங்கும்போது இதே கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஹெட்டைப் பிடித்திருப்பது பத்து போல்ட். அடுத்த தெரு மெக்கானிக், நாங்கள் கிரீஸ் அண்ணன் என்போம், பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார். அந்த போல்ட்டை முறுக்கும்போது அது கொஞ்சம் நீண்டுதான் பிடிக்குமாம். ஒரு தடவை நீண்டால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது. புதுசாகப் பத்து வாங்கினேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவனுக்குப் படம் பார்த்து வேலை செய்யத் தெரியாதா? வரிசைப்படி முறுக்கி, கடைசியாக ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஒரு கால் சுற்றும் கொடுத்து நிமிர்ந்தால், உங்கள் அத்தை வந்து, "ஏங்க, ஓட்டை ஓட்டையா ஒண்ணு ஆணியில தொங்குதே, அது என்னங்க?" என்கிறாள். புதுக் கேஸ்கெட் மாப்பிள்ளை! அதைப் போடாமலேயே மூடியிருக்கிறேன். பத்தும் போச்சு.

இன்னும் பத்து வாங்கினேன். கேஸ்கெட்டை முதல் வேலையாக வைத்தேன். கால் சுற்றுக் கொடுத்துக்கொண்டு வரும்போது உங்கள் சம்சாரம் போன். "அப்பா, கார்ல கை கிய் வைக்கலையே?" "சேச்சே, நான் ஏம்மா அதைத் தொடப் போறேன்?" போனை வைத்துவிட்டு வந்தால் எது வரைக்கும் சுற்றினேன் என்று நினைவில்லை. சுற்றினதையே மறுபடி சுற்றினேன் போலிருக்கிறது, ஏழாவது போல்ட் 'டக்'கென்று தலை வேறு உடம்பு வேறாகிவிட்டது. பெற்ற பெண்ணிடம் பொய் சொன்ன கை அது, வேறென்ன ஆகும்? துண்டைத் தோண்டி எடுக்கவே கிரீஸ் அண்ணனுக்கு ஒரு பகல் ஆயிற்று.

அப்போதுதான் ஸ்டட் என்று தீர்மானித்தேன். இரண்டு பக்கமும் மரை போட்ட கம்பி. பிளாக்கில் நட்டுவிட்டு, ஹெட்டை மேலிருந்து இறக்கி, நட்டைப் போட்டு முறுக்கினால் போதும். கழற்றினாலும் மறுபடி அதையே போடலாம்.

"அது பந்தயக் காருக்குப் போடறது சார். இல்லைன்னா அடிக்கடி ஹெட்டைத் தூக்கறவங்க போடுவாங்க" என்றார் கிரீஸ் அண்ணன்.

"பின்னே நான் யாருன்னு நினைச்சீங்க?" என்றேன். மனுஷன் உடனே பத்து ஸ்டட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை புதுக் கேஸ்கெட் வைத்து ஸ்டட் போட்டாயிற்று. போனை அணைத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டு, ஒவ்வொரு நட்டுக்கும் சுண்ணாம்புக்கட்டியால் அடையாளம் வைத்து முறுக்கினேன். பத்தும் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. இந்த ஜென்மத்தில் இனி அந்த ஹெட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்கு ஸ்டார்ட் செய்யப் போகிறேன்.

பெட்டி படுக்கையோடு பத்திரமாக வந்து சேருங்கள். என் மகளோடு சண்டை சச்சரவில்லாமல், என் மேலும் கோபமில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: கவரில் ஒட்ட ஸ்டாம்ப் தேடிச் சட்டைப் பையில் கை விட்டேன். சின்னதாக ஒரு பாக்கெட் வந்தது. ஸ்டட்டோடு கொடுத்த மசகு. நட்டை முறுக்கும் முன்னால் மரையில் தடவ வேண்டுமாம், தடவாமல் முறுக்கினால் இறுகின மாதிரி காட்டுமே தவிர இறுகியிருக்காதாம். இதோ பத்தையும் கழற்றப் போகிறேன், ஒரு தடவை அமுங்கின கேஸ்கெட் மறுபடி உதவாது என்பதால் அதுவும் புதுசு வாங்க வேண்டும். இருபதாம் தேதி நீங்கள் ஒரு டாக்சி பிடித்து வந்துவிடுங்கள். ஆனால் ஒன்று, ஸ்டட் எதற்கு என்று இனிமேல் யாராவது என்னிடம் கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.