தகட்டில் நின்ற கிரேக்கர்கள்

படித்தவனுக்குப் பெரிய ஆபத்து, யாராவது கேட்டால் விளக்கம் சொல்லிவிடுவது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அந்த வியாதியும் எனக்குத்தான் முதலில் வந்தது.

சாயல்குடிப் பக்கம், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே என் அறையில் ஒரு பழங்கால கிரேக்கப் படை இருந்தது. விரல் நீள ஈயப் பொம்மைகள். மேசைமேல் போர் விளையாட, வெளிநாட்டில் யாரோ அந்தக் காலத்தில் வார்த்தவை. பழையதாக வாங்கினால் பாதிக்குத் தலை இருக்காது, பாதிக்கு ஈட்டி இருக்காது. ஈட்டிக்குப் பதில் குண்டூசி வைப்பேன். (சம்பாதிக்கிறவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள், அய்யா கேட்டு முடித்துவிட்டார்.) பிறகு நாலைந்து பேராகத் தகட்டில் நிறுத்தி, பசை தடவி மண் தூவினால் படைவரிசை தயார்.

இதை ரசித்த ஒரே ஆள் செல்வி. கூடப் படித்தவள், திருவாடானைக்காரி. "இதுல தோக்குறவங்க யாரு?" என்று போனில் அக்கறையாகக் கேட்பாள். அவளையே கட்டுவதென்று இரண்டு வீட்டிலும் மன்றாடிச் சம்மதம் வாங்கினோம். அவள் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள்.

அவளுடைய தாய்மாமன் போனுக்குச் சார்ஜ் போட என் அறைக்குப் போனார். நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்ன?"

"பொம்மை மாமா. தகட்டுல பதிக்கிறேன்."

"தலை எங்க?"

"இனிமேத்தான் வைக்கணும்."

"ஊசி?"

"நான் குத்துனதுதான்." பெருமையாகவே சொன்னேன்.

"மண்ணு?"

இங்காவது பொய் சொல்லியிருக்கலாம். "கடக்கரை மண்ணுல உப்பு, ஈயத்த அரிச்சிரும். சுடுகாட்டு ஓரத்து மண்ணுதான் கருகருன்னு கிரேக்க மண்ணு மாதிரியே இருக்கு."

(கிரேக்க நாட்டை நான் பார்த்ததில்லை.)

கேசரி தட்டிலேயே இருந்தது. அவர்கள் வேனில் ஏறும்போதுதான் 'செய்வினை' என்ற சொல் என் காதில் விழுந்தது.

செல்வி ஒருமுறை பேசினாள். "உனக்காகப் பேசுனா, எனக்கும் வச்சிட்டன்னு சொல்றாங்க." அதன்பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. பரமக்குடியில் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

அவளுக்குக் குழந்தை பிறந்தபின் ஒருநாள் அதே மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். "புள்ளைக்குக் காச்சல் விடமாட்டேங்குது. வச்சத எடுத்துரு தம்பி."

போர் விளையாட்டின் விதிமுறைகள் வரை விளக்கினேன். கையெடுத்துக் கும்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "பச்சப்புள்ளைக்குக் காச்சல்ங்கிறாரு. எதையாவது எடுத்துக் குடேன்டா."

படைத்தலைவனைத் தகட்டிலிருந்து பெயர்த்துக் கொடுத்தேன். துணியில் முடிந்து கொண்டுபோய் மாரியூர்க் கடலில் எறிந்தார்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் விட்டுவிட்டது. (டாக்டர் கொடுத்த மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.) மாமா போன் செய்தார்.

"நல்லா இருப்ப தம்பி. நீ வைக்கலன்னு செல்வி ஒருத்திதான் இம்புட்டு நாளும் சாதிச்சிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் ஒத்துக்கிருச்சு."

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலித்தாலும் அய்யா என் அறைப்பக்கம் திரும்பி, "ஏலே, ஒண்ண எடுத்து விடு" என்பார். எல்லாரும் சிரிப்போம். பாதி நேரம் தலைவலி விட்டும் தொலைக்கிறது.