எலும்புச் சீழும் ஏலக்காய் டீயும்

தணிகைவேல் துப்பிய கேப்சூல் கொல்லைச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. அவன் மனசு வைத்துத் துப்பினால் ஆம்பூரில் கிளம்பியது வாணியம்பாடியில்தான் இறங்கும்.

அவன் பெண்டாட்டி சம்பூர்ணத்துக்கு உச்சந்தலையில் இட்லி வேகும் அளவுக்குக் கோபம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஓரம் சறுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே பட்ட காயம், எலும்புக்குள் சீழ் வைத்துவிட்டது. ஆறு வாரம் விடாமல் கேப்சூல் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று வேலூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கொஞ்ச நாளில் வலி நின்றது. அதோடு மருந்தும் நின்றது.

"வலி இல்லாதவனுக்கு மருந்து எதுக்குடி? உடம்பு சூடு ஏறுது."

"கால் இல்லாதவனுக்குச் செருப்பு எதுக்குன்னு நாளைக்கு நானும் கேப்பேன்யா."

கேப்சூலைப் பிரித்துத் தூளைக் கருவாட்டுக் குழம்பில் கலந்தாள். ஒரு வாய் வைத்தவன் தட்டைத் தள்ளிவிட்டுப் பிரியாணிக் கடைக்குப் போனான். இட்லிக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. பெண்டாட்டி விஷம் வைக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தான்.

அவன் வேண்டாமென்று சொல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ஷாப் கேட்டுக்கு வெளியே ஆபித் பாஷா போடும் ஏலக்காய் டீ. அண்டா அண்டாவாகக் குடிப்பான். சம்பூர்ணம் மிச்ச மருந்தையெல்லாம் பொட்டலம் கட்டி பாஷாவிடம் கொடுத்து, தினமும் அவன் டீயில் கலந்துவிடும்படி கெஞ்சினாள். அவரும் தாடியைத் தொட்டு வாக்குக் கொடுத்தார்.

அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் போட்ட சத்தத்தில் வேலூர் சத்துவாச்சாரி நாய்களெல்லாம் எழுந்து நின்றன. "ஏம்மா, இந்த உடம்புல ஒரு சிட்டிகை மருந்துகூடப் போகலையே. இப்படியே விட்டா இந்தக் கால் அவருக்கு இல்ல."

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், புருஷனை ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் பாய்ந்தாள் சம்பூர்ணம்.

"பாய், என் புருஷன் கால் போவப்போவுது. நான் குடுத்த மருந்த இன்னா பண்ணீங்க?"

ஆபித் பாஷா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அல்லா மேல ஆணையா தினமும் போட்டேன்மா. கும்பல்ல எது அவர் கிளாஸுன்னு பாக்க முடியல, பால் குண்டான்லயே கொட்டிட்டேன். சுண்ணாம்பு அரிச்ச கையெல்லாம் ஆறி, ஷாப்ல இப்ப ஒருத்தனுக்கும் புண்ணு கெடையாது. உன் வூட்டுக்காரர் மட்டும்தான், டீ கசக்குதுன்னு மொத நாளே எதிர்க் கடைக்குப் போய்ட்டாரு."