குடலுக்குள் அம்மாவும் சித்தியும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவந்தேன். (இப்போதும் நம்புகிறேன். அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் சேர்ப்பதில்லை.)

அன்று முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு நேர்காணல். கைபேசிக் காணொளியில் மூன்று பேராசிரியர்கள். "உங்க தலைப்பை ஊர்க்காரங்களுக்கு விளக்குங்க, நாங்க பாக்கறோம்" என்பது நிபந்தனை. தேறாவிட்டால் வீட்டில் பார்த்துவைத்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டுவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

சாலவாக்கம் ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள், அம்மாவும் சித்தியும் உட்பட, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எடுத்தால் தூங்கிவிடுவார்கள். நாடகமாகவே போட்டுவிட முடிவு செய்தேன். (என்னே அறிவு!)

கதை எளிது. ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளை அணு, குடலுக்குள் முறுக்கோடு நுழையும். குடல் தரும் சமிக்ஞைகளால் சில நாளில் நிதானமாகி, மேக்ரோஃபேஜ் என்ற காவலாளியாக அங்கேயே தங்கிவிடும். அத்துமீறும் கிருமியை விழுங்கும். குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவோடு வம்புக்குப் போகாது.

மோனோசைட்டாக அம்மா. நல்ல பாக்டீரியாவாகச் சித்தி.

ஏனாத்தூர் கல்லூரி விடுதியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தேன். அம்மன் கோயில் ஆடிக்கூழுக்கு முதல் குடம் யார் தூக்குவது என்ற தகராறில் இருவருக்கும் ஒரு மாதமாகப் பேச்சில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மா மண் கூடையோடு ஆவேசமாக வந்தார். என்ன நடிப்பு என்று பூரித்துப்போனேன்.

"அம்மா, இப்போ நீ அடங்கணும்."

"நான் இன்னாத்துக்கு அடங்கணும்? அவள அடங்கச் சொல்லு!"

"இன்னாக்கா, நான் குடம் தூக்கினது இன்னும் எரிஞ்சிக்கினு இருக்குதா?" என்றது பாக்டீரியா.

கூடை பறந்தது. சித்தி தண்ணீர்க் குடத்தை அம்மா மேல் கவிழ்த்தார். குடல் சுவராக நிறுத்தியிருந்த நான்கு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். விலக்கப்போன நான் சேற்றில் விழுந்தேன்.

கைபேசியிலிருந்து ஒரு பேராசிரியர் கேட்டார்: "ஏம்மா, குடல்ல இப்போ என்ன நடக்குது?"

"அழற்சி சார்," என்றேன், சேற்றில் இருந்தபடியே. "வந்த மோனோசைட் நிதானத்துக்கு வராம முறுக்கோடவே நின்னா இப்படித்தான் ஆகும்."

"ஏன் வரல?"

"தெரியல சார். அதைத்தான் ஆராய்ச்சி பண்ணணும்." (நான் 'தெரியல' என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.)

இடம் கிடைத்தது. மாப்பிள்ளை தப்பித்தார். என் ஆராய்ச்சித் தலைப்பே அந்த அழற்சிதான்.

இன்றும் விருந்தாளி யார் வந்தாலும் அப்பா, "எங்க சொல்லுங்க, பொண்ணுக்கு சீட்டு வாங்கிக் குட்த்தது யாரு?" என்று உரக்கக் கேட்பார்.

"நான் கூடைய வீசினதாலதான்!" என்பார் அம்மா.

"தண்ணி ஊத்தினது யாரு? நானு!" என்பார் சித்தி.

அடுத்த கூடை பறப்பதற்குள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.