ஈறு முளைத்த நீராவிக் கப்பல்

கப்பலின் புகைபோக்கி 'படக்' என்று கழன்று பல் டாக்டரின் கையோடு வந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த தலைமையாசிரியர், போனது தன் கடைவாய்ப் பல்தான் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தார்.

"எடுத்தாச்சா? வலிக்கவே இல்லையே டாக்டர்! தங்கமான கை!"

"இன்னும் உங்க பக்கமே வரலை சார். ஊசி போட்ட இடம் மரத்துப் போகட்டும்னு காத்திருக்கேன்."

அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் டாக்டருக்குக் கப்பல் வேலை. முழ நீளப் பொம்மை நீராவிக் கப்பல் அது. மர உடம்பு, நடுவில் பித்தளைக் கொதிகலன், அதற்கடியில் ஸ்பிரிட் விளக்கு. விளக்கை ஏற்றினால் தண்ணீர் கொதித்து, ஆவி பிஸ்டனைத் தள்ளி, பின்பக்கத்து விசிறி சுற்ற வேண்டும். எங்கே சுற்றியது! பிஸ்டன் பச்சைக் களிம்பேறி இறுகிக் கிடந்தது.

கப்பல் அத்தானுடையது. அக்கா புருஷன்தான், ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது. அப்பா அம்மா போனபிறகு கல்யாணமாகிப் போன அக்கா, நாலு வயதுத் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனாள். வேறொருவனாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பான். அத்தானோ பையனை வாங்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். இறக்கிவிட்டது பல் மருத்துவக் கல்லூரி வாசலில்தான். இதற்கு ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று டாக்டருக்கு வெகுநாள் ஆசை. ஊரில் எல்லோரையும் வாய் திறக்க வைக்கிற மனுஷனுக்கு அத்தான் முன்னால் மட்டும் வாய் திறக்காது.

சின்ன வயதில் அவர் ஒரு காட்சி பார்த்திருக்கிறார். அத்தான் பரண்மேல் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய இந்தக் கப்பலைப் பிரித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். காலடிச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக மறைத்தார். அப்படி ஒரு உயிர் அதன்மேல்! இந்தச் சனிக்கிழமை அத்தானுக்கு வேலையிலிருந்து ஓய்வு. மறுநாள் காலை பூங்காக் குளத்தில் கப்பலை ஓடவிட்டு, அந்தச் சூட்டோடு சூடாக நன்றியையும் சொல்லிவிடுவது என்று டாக்டர் தீர்மானித்தார். பழைய பெட்டி எடுக்கிற சாக்கில் பரணேறிக் கப்பலைக் கடத்தியும் வந்துவிட்டார்.

பல் காரை சுரண்டும் கருவியால் களிம்பைச் சுரண்டியதில் பிஸ்டன் அசைந்தது. ஆனால் புகைபோக்கி கழன்றது. அதைப் பல் சிமெண்டால் ஒட்டினார். சிமெண்ட் உள்ளே வழிந்து புகை போகிற வழியையே அடைத்துக்கொண்டது. குடைந்து எடுக்க டிரில்லைப் பிடித்தார். பழக்கதோஷம், சொத்தைப் பல் மாதிரி ஆழமாகக் குடைந்ததில் கப்பலின் அடிவயிற்றில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"டாக்டர், இதுக்கு ரூட் கேனால் பண்ணிடலாமா?" என்றாள் கிளினிக் உதவியாளர்ப் பெண்.

"கிண்டலெல்லாம் அப்புறம். பல் செட்டுக்கு வைப்போமே, அந்த ரோஸ் மெழுகை எடும்மா."

"மெழுகு உருகிடாதா?"

"தண்ணியில போற கப்பல்மா! குளத்துத் தண்ணி ஜில்லுனு இருக்கும். எப்படி உருகும்?"

நன்றாக அழுத்தி அடைத்தார். உதவியாளர் குனிந்து பார்த்தாள்.

"கப்பலுக்கு ஈறு முளைச்சிருக்கு டாக்டர்!"

விளக்கை ஏற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, டாக்டர் தலைமையாசிரியரின் வாய்க்குள் தலையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியர் "ஆ… ஆஆ!" என்று கையை ஆட்ட ஆரம்பித்தார்.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போட்டுடறேன்."

போட்டார். அவர் இன்னும் பலமாக ஆட்டினார். மூன்றாவது ஊசியை எடுக்கத் திரும்பியபோதுதான் ஜன்னல் திரை எரிவது தெரிந்தது. உதவியாளர்தான் வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீரை வீசித் திரையையும் விளக்கையும் சேர்த்து அணைத்தாள். ஆனால் அந்தக் களேபரத்துக்கு நடுவில் கப்பலின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது!

"சுத்துது! சுத்துது!" என்று டாக்டர் தலைமையாசிரியரைக் கட்டிக்கொண்டார். அவர் இரண்டு கன்னமும் மரத்துப்போய், எந்தப் பக்கமும் சிரிக்க முடியாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

ஞாயிறு காலை குளக்கரைக்கு அக்காவும் வந்திருந்தாள். டாக்டர் துண்டை விலக்கியதும் அத்தானின் முகம் வெளுத்தது. ஆனந்த அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார் டாக்டர்.

"இது… இது எப்படிடா உன் கைக்கு வந்துது?"

"அதெல்லாம் இருக்கட்டும் அத்தான். பாருங்க!"

கப்பல் கிளம்பியது. புஸ் புஸ் என்று ஆவி விட்டுக்கொண்டு, ஜோராக நடுக்குளம் நோக்கிப் போயிற்று. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அத்தான், நீங்க இல்லன்னா நான் இல்ல. பெத்தவங்க செய்யறதை நீங்க செஞ்சீங்க. ஒரு நாள்கூட சொல்லிக் காட்டினதில்ல. இத்தனை வருஷமா நான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேன். ரொம்ப நன்றி அத்தான்."

"போடா பைத்தியம்! நீ வந்தப்புறம்தான் எங்க வீடு வீடா இருந்துது. நாங்கதான் உனக்கு நன்றி சொல்லணும்," என்றார் அத்தான்.

இருவரும் கட்டிக்கொண்டு கண் கலங்கி நின்ற அந்த நேரத்தில், கொதிகலன் சூட்டில் உள்ளிருந்து ரோஸ் மெழுகு உருகிவிட்டது. கப்பல் மூக்கைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, பளக் என்று முங்கிப் போனது.

"ஐயோ அத்தான்! உங்க உயிரையே முங்க வச்சுட்டேனே! மன்னிச்சிடுங்க!"

அத்தான் வாயில் வந்ததோ "அப்பாடா!" என்கிற ஒரு பெருமூச்சு. டாக்டர் திருதிருவென்று விழித்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவர் கப்பலா? உன் பிறந்தநாளுக்கு உனக்குன்னு வாங்கினதுடா அது! கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்னு தொட்டியில விட்டுக் கெடுத்துட்டாரு. அந்தக் குத்த உணர்ச்சி தாங்காமத்தான் உன்னை டாக்டருக்கே படிக்க வச்சாரு!"